ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் வேலை விட்ட இடத்திலேயே இருக்க வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 11-ல ஒரே நாள்ல ரெண்டு ப்ராஜெக்ட் மாத்தி மாத்திப் பார்க்கிறேன். ரீஸ்டார்ட் ஆனா எடிட்டர், மூணு டெர்மினல், ப்ரவுசர் டேப் எல்லாத்தையும் திறந்து, சர்வரை ஓடவிட்டு முடிக்கிறதுக்குள்ள யோசிச்சுட்டிருந்தது மறந்தே போயிடுது.

விண்+கண்ட்ரோல்+டி அழுத்தி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு விர்ச்சுவல் டெஸ்க்டாப் வச்சிருக்கேன். நிஜமாவே நிம்மதி. ஆனா ரீஸ்டார்ட்ல டெஸ்க்டாப் பேர் மட்டும்தான் மிஞ்சுது, உள்ளே காலி. டபிள்யூஎஸ்எல்-க்குள்ள (விண்டோஸ்லயே லினக்ஸை ஓடவிடுற வசதி) டிமக்ஸ் போட்டேன், ஒரே டெர்மினலைப் பல பகுதியாப் பிரிச்சு வச்சுக்கிற டூல் அது. டெர்மினல் விண்டோவை மூடினாலும் செஷன் உயிரோட இருக்கு, மெஷினை அணைச்சா போச்சு. மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ் டூல்ல இருக்கிற ஒர்க்ஸ்பேசஸ், ஆப்களைப் பழைய இடத்துலயே திறக்குது, ஆனா எந்த ஃபோல்டர்னு ஆர்குமெண்ட்டா நாமதான் எழுதித் தரணும்.

டிமக்ஸ் செஷனைச் சேமிச்சுத் திரும்பக் கொண்டுவர்ற டிமக்ஸ் ரிசரெக்ட் ப்ளகினைப் பயன்படுத்துறவங்க யாராவது இருக்கீங்களா? பேன் (பிரிச்ச பகுதிகள்) அமைப்பு மட்டும் திரும்புதா, ஓடிட்டிருந்த டெவ் சர்வரையும் எழுப்ப முடியுதா? உங்க செட்டிங் வரிகளை அப்படியே போட்டீங்கன்னா பெரிய உதவி.

இன்னொண்ணு: விண்+வி கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் பண்ணாதவங்க இன்னைக்கே பண்ணிடுங்க. 25 காப்பி வரை நிக்கும். அடிக்கடி அடிக்கிற கமாண்டைப் பின் பண்ணினா ரீஸ்டார்ட்டுக்கு அப்புறமும் அங்கேயே இருக்கும்.