28 கால் சிப்புக்குத் தாழ்வான சாக்கெட்: ஓட்டை அளவு என்ன?

சிப் ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர், டிப் வகை (இரு வரிசைக் கால்களும் போர்டு ஓட்டைகளில் இறங்கும்), ஒன்றரை மிமீ தடிமனுள்ள இரட்டை அடுக்கு போர்டு. மேலே டிஸ்ப்ளே போர்டு உட்காருகிறது. இடைவெளி 7 மிமீதான். சிப்பை அடிக்கடி கழற்ற வேண்டும், அதனால் நேரடி சால்டரிங் ஆகாது.

சாதாரணத் தகடு சாக்கெட் போட்டால் டிஸ்ப்ளே ஸ்க்ரூவே பிடிக்காது. உருண்டைத் துளை சாக்கெட்டே 3 மிமீ உயரம், அதன்மேல் சிப் 4 மிமீக்குச் சற்று மேல், இடிக்கிறது. அடுத்து, உருண்டைத் துளை ஸ்ட்ரிப்பின் பிளாஸ்டிக்கை உடைத்து, பின்களை மட்டும் உருவி போர்டுக்குள்ளேயே இறக்கினேன். உயரம் அருமையாகக் குறைந்தது. ஆனால் 0.8 மிமீ ஓட்டையை 1.4க்குப் பெரிதாக்கும்போது உள்பூச்சு (இரு பக்கத்தையும் இணைக்கும் செம்பு) போய், மேல்பக்க டிராக் (செம்புக் கோடு) அறுந்துவிடுகிறது. ஓட்டையைச் சுற்றிய 1.8 மிமீ செம்பு வட்டத்தில் (பேடு) மிஞ்சும் மெல்லிய வளையமும் சூட்டில் பெயர்கிறது.

புது போர்டு வரையப் போகிறேன். கால்களுக்கு இடையே ஒரு டிராக்காவது போக வேண்டுமென்றால், இந்தப் பின்களுக்கு உள்பூச்சோடு ஓட்டை, பேடு அளவு எவ்வளவு வைக்கலாம்?