புதுப்பிப்பு: மெதுவான வீட்டுக் கணினி, புதிது வாங்கவில்லை

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கணினி ஆமை வேகத்தில் ஓடுகிறது, மேம்படுத்தவா மாற்றவா என்று முன்பு கேட்டிருந்தேன். இன்டெல் நான்காம் தலைமுறை சில்லு (சிபியு), 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கணினியில் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்க்கச் சொன்ன அண்ணன்தான் சரியான இடத்தைக் காட்டினார். எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றது. சிபியு 20 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. சில்லுக்கு வேலையே இல்லை, டிஸ்கிலிருந்து தரவு வந்து சேரத்தான் அவ்வளவு நேரம். ஈப்போவில் பழைய டிஸ்குக்குப் பதிலாகச் சுழலும் பாகம் இல்லாத, வேகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், ரேமை 8 ஜிபி ஆக்க டிடிஆர்3 வகை ரேம் ஒன்றும் வாங்கிப் போட்டோம். இந்தப் பழைய கணினிக்கு டிடிஆர்4 வாங்கிவிடாதீர்கள், அதன் அடி விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளேயே போகாது. இப்போது மகள் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. புதுக் கணினிக்கு ஒதுக்கிய வெள்ளியில் பெரும்பகுதி அப்படியே மிச்சம்.

அப்புறம், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எங்களுடையதற்கு அது ஒத்துவராது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். பள்ளிப் பாடம், யூடியூப், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் பிரவுசரிலேயே நடக்கின்றன. பிரிண்டர் மட்டும் இன்னும் மக்கர் செய்கிறது. மின்ட்டில் பழைய பிரிண்டரை ஓட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.