ஜெனரேற்றர் 160 வோல்ட்டுக்கு மேல் ஏறுதில்லை

களுவாஞ்சிக்குடியில் மீன் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் பிரீசருக்கு ஒரு சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர்தான் துணை. நாலைந்து நாளாக, ஒன்றும் கொழுவாமலே 160 வோல்ட்தான் காட்டுகிறது. 230 வர வேண்டும். என்ஜினில் குறை இல்லை. மீற்றரில் 50 ஹேர்ட்ஸ் நிற்கிறது, இந்த இரண்டு துருவ மெஷினுக்கு அது நிமிடத்துக்கு 3000 சுற்று. அதனால் என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன் (அவன் கை சும்மா இராது).

சுழலும் ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேயவில்லை. பிரஷ் உரசுகிற சிலிப் ரிங் கறுத்திருந்தது, உப்புக்காற்றாக்கும், துடைத்தும் பலனில்லை. ரோட்டர் சுருள் 55 ஓம். வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏவிஆரை மாற்றுவதா? அதன் வயரைக் கழற்றிவிட்டு, பிரஷுக்கு நேரே 12 வோல்ட் பற்றரி கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை வோல்ட் வந்தது என்று சொல்லுங்கள் அண்ணன்மாரே. அதுவரை மீன் ஐஸ் பெட்டியில்தான்.