மாதம் 10,000 டாலர் யாருக்கு வந்தது?

கணக்குப்பிள்ளை:

இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "தொண்டு நிறுவனம் என்று பதிவு இருந்தால் போதும், கூகுள் மாதம் 10,000 டாலர் தருகிறது. இன்னும் வாங்காமல் இருப்பவர்கள் சோம்பேறிகள்." அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

கூகுள் யாருக்கும் மாதம் 10,000 டாலர் தருவதில்லை. 2003 முதல் நடக்கும் ஆட் கிராண்ட்ஸ் திட்டத்தைத்தான் இவர் சொல்கிறார். அதில் ஒரு காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. கூகுள் தேடல் பக்கத்தில் எழுத்து விளம்பரம் போட்டுக்கொள்ள ஓர் உச்சவரம்பு, அவ்வளவே. நாளுக்குப் பிரித்தால் சுமார் 329 டாலர். செலவாகாமல் மிஞ்சியது அடுத்த மாதக் கணக்கில் சேராது. மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, அரசு அமைப்பு ஆகியவற்றுக்குத் திட்டமே கிடையாது. பதிவு இருந்தால் போதுமாம்!

சின்ன அமைப்புகளில் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து கணக்கெழுதும் தன்னார்வலர்களைச் சோம்பேறி என்று சொல்ல இவர் யார்? 10,000 டாலரையும் முழுசாகச் செலவழித்த ஒரு மாதக் கணக்கைக் காட்டட்டும். பிறகு பேசுவோம்.

விளக்கொளி:

அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லி எழுதியிருக்கலாமே, என்ன பயம்?

வங்கிக்குப் பணம் வரும் என்று நான் எங்கும் எழுதவில்லை. 10,000 டாலருக்கான விளம்பரம். அதே விளம்பரத்தைக் கடைக்காரர் போட்டால் கையிலிருந்து காசு போகும், தொண்டு நிறுவனம் போட்டால் போகாது. இதில் என்ன மோசடி கண்டீர்கள்? மின்னஞ்சலும் கோப்புகளும் வைக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் இலவசம். படங்கள் வடிவமைக்கும் கேன்வாவின் கட்டணப் பதிப்பு 50 பேர் வரை இலவசம். நன்கொடையாளர் விவரம் வைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் 10 உரிமங்கள் இலவசம். கேட்டாலே கிடைக்கும் பொருளைக் கேட்காமல் உட்கார்ந்திருப்பவரை வேறு என்னவென்று சொல்வது?

செய்திமடல் பற்றிய பழைய இழையிலும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதிவு. கடைசியில் நான் ஆதாரம் வைத்ததும் ஆளைக் காணோம். நான் மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

செய்திமடல் இழையில் நீங்கள் வைத்தது ஆதாரமா? ஒரு விற்பனையாளரின் விளம்பரப் பக்கம். அதை ஆதாரம் என்று நம்பியவர் நீங்கள் ஒருவர்தான். அது கிடக்கட்டும், இந்த 10,000-க்கு வாருங்கள்.

விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. ஒருவர் விளம்பரத்தை அழுத்தும் ஒரு கிளிக்குக்கு நீங்களாக வைக்கக்கூடிய ஏலத்தொகை 2 டாலரைத் தாண்டக் கூடாது. அப்படியானால் 10,000 டாலர் தீர 5,000 கிளிக் வேண்டும். விளம்பரக் கணக்கு முழுமைக்கும் சிடிஆர் என்னும் கிளிக் விகிதம் 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தொடர்ந்து இரண்டு மாதம் குறைந்தால் கணக்கை நிறுத்திவைப்பார்கள். அதாவது நூறு பேர் விளம்பரத்தைப் பார்த்தால் ஐந்து பேராவது அழுத்த வேண்டும். எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் கீவேர்ட் ஒற்றைச் சொல்லாக இருந்தால், சில விலக்குகள் தவிர ஆகாது. விளம்பரத்தின் தரத்துக்குக் கூகுள் போடும் குவாலிட்டி ஸ்கோர் மதிப்பெண் 1, 2 என்று இருக்கிற கீவேர்டையும் வைத்துக்கொள்ள முடியாது. இவ்வளவுக்கும் மேலே, காசு கொடுத்த விளம்பரங்கள் எல்லாம் இடம் பிடித்த பிறகுதான் கிராண்ட்ஸ் விளம்பரத்துக்கு இடம். அதற்கு ஏலமே தனி.

ஓர் அரிய நோய்க்கான ஆதரவுக் குழு. அந்த நோயின் பெயரைத் தேடுகிறவர்களே மாதத்துக்குச் சில நூறு பேர் என்றால், அவர்கள் அத்தனை பேரும் அழுத்தினாலும் 10,000 டாலர் எங்கே தீரும்? உங்கள் 10,000 வெறும் தலைப்புக்கு ஆகும், அந்தக் குழுவுக்கு ஆகாது.

குருவிக்கூடு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க ஒரு சின்ன விலங்குக் காப்பகம் நடத்துறோம். எங்க தளத்துல கூகுளோட ஆட்சென்ஸ் மூலமா மத்தவங்க விளம்பரம் ஓடுது, அதுல வர்ற காசு தீவனத்துக்கு ஆகுது. அதோட இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா? யாராவது சொல்லுங்க.

விளக்கொளி:

கணக்குப்பிள்ளை எந்த ஆண்டில் இருக்கிறார்? 2 டாலர் வரம்பு எல்லாருக்கும் கிடையாது. ஏலத்தொகையைக் கூகுளே தீர்மானிக்கிற மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ் ஏலமுறைக்கு மாறினால் வரம்பு நீங்கிவிடும். 2017 டிசம்பரில் அறிவித்து 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மாற்றம். நீங்கள் பட்டியல் போட்ட 5 சதவீத விதியும் அதே அறிவிப்பில் வந்ததுதான். கசக்கும் பாதியை மட்டும் படித்துவிட்டு மறுபாதியை விட்டுவிட்டீர்களே, அது எப்படி?

கிளிக்குக்கு 8 டாலர் போகிற தலைப்பில் 1,250 கிளிக்கில் 10,000 தீர்ந்துவிடும். அப்படித் தீர்கிற கணக்குகளை நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் பார்க்கிற ஆளிடம் வந்து "முடியாது, முடியாது" என்றால் என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:

"பார்த்துக்கொள்கிறேன்." சரி, காட்டுங்கள். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டே படம் போடுங்கள். 10,000 என்ற எண்ணை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ் எனக்கும் தெரியும். அது வேலை செய்ய முதலில் கன்வெர்ஷன் டிராக்கிங், அதாவது அழுத்தி வந்தவர் நன்கொடை கொடுப்பது போன்ற பலனைப் பதிவு செய்யும் ஏற்பாடு, சரியாக அமைந்திருக்க வேண்டும். நன்கொடைப் படிவம் வேறொரு தளத்தில் இருந்தால், பணம் வந்ததை உங்கள் கணக்குக்குச் சொல்லவே தனி வேலை இருக்கிறது. யார் செய்வார்கள்? அதற்கான டேக் மேனேஜர் கருவி தெரிந்த ஆள் எத்தனை சிறு அமைப்புகளில் இருக்கிறார்? அது இல்லாமல் வரம்பு நீங்கிவிட்டது என்பது, சாவியில்லாமல் பூட்டின வீட்டு வாசலில் நின்று வீடு என்னுடையது என்பதுபோல.

கிளிக்குக்கு 8 டாலர் என்கிறீர்கள். அந்த 1,250 பேரில் எத்தனை பேர் நன்கொடை கொடுத்தார்கள், எத்தனை பேர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள்? அதைச் சொல்லவில்லை. தீர்ப்பதுதான் வேலை என்றால் யார் வேண்டுமானாலும் தீர்க்கலாம்.

கட்டற்றவன்:

இரண்டு பேரும் நிறுவனங்களின் காலடியில் நின்றுகொண்டுதான் சண்டை போடுகிறீர்கள். கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கும். அமேசான் ஸ்மைல் 2013-இல் தொடங்கியது, வாங்கும் பொருளின் விலையில் 0.5 சதவீதம் தொண்டுக்கு என்றார்கள், 2023 பிப்ரவரி 20-உடன் மூடிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபிஸ் தொகுப்பின் 10 பிசினஸ் பிரீமியம் உரிமங்களை இலவசமாகக் கொடுத்தது. 2025 ஜூலை 1-க்குப் பிறகு புதுப்பிக்கும் தேதி வருகிறவர்களுக்கு அது கிடையாது என்று முடித்துவிட்டது. அதை நம்பி எல்லாக் கோப்பையும் ஏற்றிவைத்தவர்கள் இப்போது விலைப்பட்டியல் பார்க்கிறார்கள்.

கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் இருக்கிறது, உறுப்பினர், நன்கொடையாளர் விவரம் வைக்க சிவிசிஆர்எம் இருக்கிறது. இரண்டையும் யாரும் பிடுங்க முடியாது. இதைச் சொன்னால் இந்த மன்றத்தில் ஒருவருக்கும் பிடிப்பதில்லை.

ஆழி:

ஏனென்றால் நீங்கள் எந்த இழைக்கு வந்தாலும் அதைத்தான் சொல்கிறீர்கள், கட்டற்றவன்.

மைக்ரோசாஃப்ட் முழுசாகக் கையை விரிக்கவில்லை. பிசினஸ் பேசிக் 300 பேர் வரை இன்னும் இலவசம், மற்றவற்றுக்கு 75 சதவீதம் வரை தள்ளுபடி. பேசிக்கில் வேர்டும் எக்ஸலும் உலாவியிலும் கைப்பேசியிலும்தான் ஓடும், கணினியில் நிறுவ முடியாது. அது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் 10 பேருக்குப் பதில் 300 பேருக்கு மின்னஞ்சல் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிவிசிஆர்எம்மை நிறுவ சர்வர் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவார்?

கணக்குப்பிள்ளை:

ஆழி, கட்டற்றவன், உங்கள் ஆஃபிஸ் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு 10,000 டாலரைப் பற்றியது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்த எண்ணை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. நான் கணக்குப் பார்க்கிற அமைப்பு ஒன்றுக்கு ஓர் ஆலோசனை நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். "மாதம் 10,000 டாலர் வாங்கித் தருகிறோம், மாதாமாதம் எங்களுக்குக் கட்டணம் கொடுங்கள்" என்றார்கள். நிர்வாகக் குழுவுக்கு அந்த எண் கண்ணை மறைத்துவிட்டது. கட்டணம் நன்கொடைப் பணத்திலிருந்து போனது. விளம்பரம் ஓடியது என்னமோ உண்மை, ஆனால் செலவான தொகை அந்த வரம்பில் ஒரு மூலையைக்கூடத் தொடவில்லை. வந்த கிளிக்கும் சம்பந்தமில்லாத சொற்களுக்கு வந்தவை. கேட்டால் "திட்டம் சூடுபிடிக்க நேரமாகும்" என்றார்கள். அந்தப் பணம் முதியவர்களின் மருந்துக்குப் போயிருக்க வேண்டியது.

விளக்கொளி, உங்களைப் போன்றவர்கள் "சோம்பேறிகள்" என்று எழுதுவதால்தான் நிர்வாகக் குழுக்கள் பயந்துபோய்க் கையெழுத்துப் போடுகின்றன. நீங்களும் இதே தொழிலில் கட்டணம் வாங்குகிறவரா? நேரடியாகக் கேட்கிறேன்.

விளக்கொளி:

என் சம்பளத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? நான் பார்த்துக்கொள்ளும் கணக்குகளில் சிலவற்றுக்குக் கட்டணம் வாங்குகிறேன், சிலவற்றை இலவசமாகச் செய்கிறேன். ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. யாரோ ஓர் ஆலோசகர் ஏமாற்றினார் என்பதற்காகத் திட்டமே பொய்யாகிவிடுமா? திட்டத்தின் வரம்பு 10,000. அதைத்தான் எழுதினேன். அதில் ஒரு டாலரைக்கூட நான் குறைக்கப் போவதில்லை.

வாடிக்கையாளரின் கணக்கைப் படம் எடுத்துப் பொதுவில் போட மாட்டேன். கேட்பவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

குருவிக்கூடு:

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. ஆட்சென்ஸ் இருந்தா ஆகுமா, ஆகாதா?

ஆழி:

ஆகாது, அம்மா. ஆட்சென்ஸும் கமிஷன் தரும் இணைப்புகளும் தளத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள். தளத்தின் முகவரியும் உங்கள் அமைப்புக்கே சொந்தமானதாக இருக்க வேண்டும், இலவச வலைப்பதிவு முகவரி செல்லாது. எடுப்பதற்கு முன்னால் ஆட்சென்ஸில் வருவதையும், உங்கள் பணி பற்றி எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தத்தெடுப்புக்கு ஆள் தேடுகிற காப்பகம் என்றால் பலன் இருக்கும்.

விளக்கொளி:

நிச்சயம் இருக்கும். உடனே ஆட்சென்ஸை எடுங்கள். மாதம் 10,000 டாலருக்கு முன்னால் அது ஒரு காசா?

கணக்குப்பிள்ளை:

பார்த்தீர்களா, மறுபடியும்! கையில் வருகிற தீவனக் காசை விடச் சொல்லி, கைக்கு வராத எண்ணைக் காட்டுகிறார். குருவிக்கூடு, அவசரப்படாதீர்கள். உங்கள் ஊரின் பெயரோடு "நாய் தத்தெடுக்க" என்று மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதை கூகுளின் கீவேர்ட் பிளானர் கருவியில் முதலில் பாருங்கள்.

விளக்கொளி:

தத்தெடுப்புக்கு ஒரு கிளிக் எவ்வளவு போகும் என்று தெரியாமலே ஆலோசனை சொல்கிறார். தன்னார்வலருக்கு, நன்கொடைக்கு, கருத்தடை முகாமுக்குத் தனித்தனி கேம்பெயின் (விளம்பரத் தொகுப்பு) போடலாம் என்பதாவது தெரியுமா?

கட்டற்றவன்:

தேடுகிறவர்களின் விவரத்தையெல்லாம் கூகுளுக்கே கொடுத்துவிட்டு அதற்கு நன்றி வேறு. சிவிசிஆர்எம்மைப் பராமரிக்கச் சம்பளம் யார் தருவார் என்று கேட்டீர்களே, ஆழி, ஆலோசகருக்கு மாதாமாதம் போகிற கட்டணத்தைக் கொடுங்கள்.

ஆழி:

எல்லா அமைப்பும் ஆலோசகர் வைத்திருப்பதாக யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை:

தனித்தனி கேம்பெயின் போடலாம், யார் வேண்டாம் என்றது? ஒவ்வொன்றிலும் எதைக் கன்வெர்ஷன் என்று வைத்தீர்கள், அதைச் சொல்லுங்கள். தளத்தைத் திறந்தாலே கன்வெர்ஷன் என்று வைத்துவிட்டு, வரம்பு நீங்கியது, 8 டாலர் கிளிக் ஓடுகிறது, 10,000 தீர்ந்தது என்று அறிக்கை எழுதும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்றால் சொல்வதில் என்ன தயக்கம்? படம் வேண்டாம். வாடிக்கையாளர் பெயரும் வேண்டாம். ஒரு மாதம், மூன்று எண்கள் போதும். செலவு, கிளிக், வந்த நன்கொடை.

விளக்கொளி:

செய்திமடல் இழையில் ஆளைக் காணாமல் போனதற்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.