கூகைக்கு வைக்கும் பெட்டி: கலைச்சொல் தேவை

மடல் 1: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அவையோர்க்கு வணக்கம். வயல் எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காக வெண்கூகை என்ற ஆந்தை வகையைக் குடியமர்த்துவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் பக்கந்தோறும் வரும் ‘நெஸ்ட் பாக்ஸ்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். பழைய பதிப்பில் ‘ஆந்தைக் கூண்டு’ என்றிருந்தது. அதைப் படித்த உழவர் ஒருவர், கதவுக்குக் கொண்டியை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று கேட்டார். கூண்டு என்றால் அடைத்து வைப்பதுதானே என்பது அவர் நியாயம்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். கூகை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. மரப்பொந்திலோ பாழ்மனையின் மாடத்திலோ, தான் கக்கிய மயிரும் எலும்பும் உதிர்ந்து கிடக்கும் மெத்தையின் மேல் முட்டையிடுகிறது. பொந்துள்ள மரமில்லாத இடங்களில் பலகைப் பெட்டி ஒன்றை உயரத்தில் பொருத்தினால் அதை ஏற்றுக்கொள்ளும். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு இப்படித்தான் செய்கிறார்கள். நுழைதுளையின் கீழ்விளிம்பிலிருந்து அடித்தட்டு வரை 45 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது இதில் தலையாய அளவு. இந்த ஆழத்துக்கும் ஒரு பெயர் கிடைத்தால் நன்று.

மடல் 2: இலக்கண ஆசிரியர்

ஐயம் எதற்கு? ‘கூட்டுப்பெட்டி’. கூடு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமையில் டகரம் இரட்டும். வீட்டுக்கதவு, காட்டுப்பூனை போல. தயவுசெய்து யாரும் ‘கூடுப்பெட்டி’ என்று எழுதிவிட வேண்டாம்.

மடல் 3: பள்ளி அறிவியல் ஆசிரியை

ஐயா, இலக்கணம் சரிதான்; ஆனால் கூட்டுக்குடும்பமும் கூட்டுறவும் படித்து வளர்ந்த என் மாணவர்கள், கூட்டுப்பெட்டி என்றதும் பலர் சேர்ந்து வாங்கிய பெட்டி என்றே எண்ணுவார்கள். நீங்கள் சுட்டும் நன்னூல் நூற்பாவும் ‘டறஒற்று இரட்டும் வேற்றுமை மிகவே’ என்றுதான் முடிகிறது. ‘மிகவே’ என்றால் பெரும்பான்மை என்று பொருள், விலக்குக்கு இடமுண்டு. அதைவிடப் பெரிய தடை, கூடே கட்டாத பறவையின் உறைவிடத்தைக் கூடு என்பது. என் முன்மொழிவு ‘பெட்டிப்பொந்து’: பெட்டியாக அமைந்த பொந்து, இருபெயரொட்டு.

மடல் 4: சங்க இலக்கிய ஆர்வலர்

பழைய சொற்கள் இருக்கப் பொந்துக்குள் ஏன் புக வேண்டும்? கூடு என்று பொருள்படும் ‘குடம்பை’ இருக்கிறது. ‘குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே’ என்ற குறளில் பரிமேலழகர் அதை முட்டை என்று கொண்டு, பறவை கூட்டுக்கு மீண்டும் வரும், உயிர் உடலுக்கு மீளாது, ஆகவே கூடு உவமையாகாது என்று வாதிடுவார். நம் கூகையோ அதே பெட்டிக்கு ஆண்டுதோறும் திரும்புகிறது. ஆகவே அவர் மறுத்த பொருளே நமக்கு உகந்த பொருள்!

இன்னும் துணிந்தால், தொல்காப்பிய மரபியல் ‘அளகு’ என்ற பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும், அடுத்த நூற்பாவில் மயிலுக்கும் உரித்தாக்குகிறது. அடைகாப்பது பெண், அந்த ஒரு மாதமும் ஆண் இரை கொண்டுவந்து கொடுக்கிறது. எனவே ‘அளகுமனை’. நற்றிணையின் 83ஆம் பாட்டில், தலைவன் வரும் இரவில் குழறாதிருக்கும்படி கூகைக்குச் சுட்ட எலிக்கறியோடு விருந்து வைப்பதாகத் தோழி சொல்வதையும் கையேட்டின் முகப்பில் இடலாம்.

மடல் 5: அறிவியல் ஆசிரியை

அந்தக் கூகை இந்தக் கூகைதானா? கூவென்று குரலெழுப்புவதால் கூகை என்றால், வெண்கூகை கூவுவதே இல்லை, துணி கிழிபடுவது போல் கிறீச்சிடும். நற்றிணையில் வருவது பேராந்தையாக இருக்கலாம். அளகுமனை என்று அட்டையில் போட்டால் கோழிப்பண்ணைக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

மடல் 6: தச்சுப் பணி செய்பவர்

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தப் பெட்டிகளைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பெயர் எதுவானாலும், வரைபடத்தைப் பார்ப்பவர் சிட்டுக்குருவிப் பெட்டியைப் பெரிதாக்கியதுபோல் துளையை அடித்தட்டுக்கு அருகில் போட்டுவிடக் கூடாது. அப்படிப் போட்டால், சிறகு முற்றாத குஞ்சுகள் இரைக்காக முண்டியடித்து வாசலுக்கு வந்து விழுகின்றன; தரையில் கிடக்கும் குஞ்சுக்குப் பெற்றவை பெரும்பாலும் ஊட்டுவதில்லை. ஆகவே துளையை மேலே வைத்து, அதற்கு வெளியே கைப்பிடிச் சட்டத்தோடு ஒரு தட்டு அமைக்கிறேன். எட்டு ஒன்பது வாரத்தில் பறக்கும் முன் குஞ்சுகள் அதில் நின்று சிறகடித்துப் பழகும். அந்த ஆழத்துக்குப் புதுப்பெயர் வேண்டியதில்லை. தச்சில் உள்ளளவு, வெளியளவு என்போம். ‘துளைக்குக் கீழ் உள்ளளவு 45’ என்றால் எந்தத் தச்சரும் செய்துவிடுவார்.

இடத்தைப் பற்றியும் கையேடு அழுத்திச் சொல்லட்டும். மூன்று மீட்டருக்குக் குறையாத உயரம், பறந்து வரும்போது தெரியும்படி திறந்த வெளியை நோக்கிய துளை, அடைமழையும் பிற்பகல் வெயிலும் நேரே அடிக்காத முகம், அடித்தட்டில் நீர் வடியச் சிறு துளைகள், துப்புரவு செய்யப் பக்கவாட்டில் ஒரு கதவு. கொண்டி அந்தக் கதவுக்கு வேண்டும், வெளிப்புறத்தில். உழவர் கேட்டது வீண் கேள்வியில்லை. வண்டிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரத்தில் வைக்கவே கூடாது. தாழப் பறந்து வேட்டையாடும் பறவை அடிபட்டுச் சாகும். எலிப்பாஷாணம் வைக்கும் நிலத்தில் பெட்டி வைப்பதும் அப்படித்தான்: நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையின் உடலிலும் அந்த நஞ்சு ஏறும்.

மடல் 7: இலக்கண ஆசிரியர்

பெட்டி என்பதே தமிழா, பாலியின் பேடகத்திலிருந்து வந்ததா என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும். ‘பேழை’ என்றால் இந்த வழக்கே எழாது.

மடல் 8: அறிவியல் ஆசிரியை

பேழை என்றால் உள்ளே நகை இருக்கும், ஐயா. தூய்மை வேண்டும் என்பதற்காகப் படிப்பவரை அகராதி தேடி அலையவிடக் கூடாது. கேட்டவுடன் விளங்காத கலைச்சொல் கையேட்டில் ஏறினாலும், களத்தில் ‘பாக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

மடல் 9: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டியிருப்பதால் இப்போதைக்கு ‘கூகைப்பெட்டி’ என்று எழுதுகிறேன். பறவையின் பெயரை வைத்தால் கூடா பொந்தா என்ற வழக்குக்கு இடமில்லை. ஆழம் தச்சர் சொன்னபடி ‘உள்ளளவு’ என்றே இருக்கும். இதற்கு மூவர் இசைந்திருக்கிறீர்கள், ஒருவர் மறுமொழி தரவில்லை. ஆனால் இந்தப் பெயரை வேறு பறவைகளுக்கு வைக்கும் பெட்டிக்கு நீட்டிக்க முடியாது என்பது எனக்கே தெரிகிற குறை. பொதுச்சொல் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

மடல் 10: சங்க இலக்கிய ஆர்வலர்

நான் இசையவில்லை என்பதைப் பதிவு செய்யவும். பொதுச்சொல் நிலுவை என்றால் குடம்பையும் நிலுவையில் இருக்கிறது. சொல்லடைவில் ‘கூகைப்பெட்டி, குடம்பை’ என்று இரண்டையும் தருவதில் அச்சகத்துக்கு என்ன இழப்பு? விடிவதற்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.