இத்தாலி ஒயின் மலைகளில் கார் இல்லாத சைக்கிள் பயணம்: நிஜமா, விளம்பரமா?

அரைக்கியர்:
அக்டோபர் முதல் வாரம் நானும் மனைவியும் இத்தாலியில் சைக்கிளில் சுற்றலாம் என்று திட்டம். பிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவில் இருக்கும் கியாந்தி மலைகளில் "கார் தொந்தரவே இல்லாத ஒயின் பயணம்" என்று ஒரு சுற்றுலா நிறுவனம் விளம்பரம் செய்திருக்கிறது, விலையும் கொஞ்சம் கூடத்தான். மனைவிக்கு ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் முதுகுக்குப் பின்னால் கார் சத்தம் கேட்டால் ஹேண்டில் ஆட ஆரம்பித்துவிடும். போய் ஓட்டியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், கியாந்தியில் அப்படி ஒரு பாதை இருக்கிறதா?

மலைவண்டி:
இல்லை. பணத்தைக் கட்டாதீர்கள்.

கியாந்தியின் முதுகெலும்பே எஸ்ஆர் 222 என்ற சாலைதான். கிரேவே, பன்சானோ, காஸ்தெல்லினா ஊர்கள் எல்லாம் அதில்தான் வருகின்றன. வேகமாகப் போக நினைக்கிற கார்கள் பிளாரன்ஸ்–சியெனா விரைவுச்சாலையில் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் மிச்சம் இருப்பவர்கள் யார் தெரியுமா? வாடகைக் கார் எடுத்துக்கொண்டு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தபடியே வளைவில் திரும்புகிற சுற்றுலாப் பயணிகள், அப்புறம் சனி ஞாயிறானால் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து வரும் மோட்டார் பைக் கூட்டம். அந்தச் சாலையில் சைக்கிளுக்குத் தனித் தடம் கிடையாது.

வெண்புழுதி:
மலைவண்டி அண்ணே, 222-ஐ மட்டும் காட்டி மொத்தக் கியாந்தியையும் மூடிவிடாதீர்கள். அங்கே சைக்கிளில் போகிறவர்கள் அந்தச் சாலையைக் குறுக்கே கடப்பார்கள், அதிலேயே ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். 'ஸ்த்ராதே பியாங்கே' என்று சொல்லும் வெள்ளைச் சரளை மண் சாலைகள்தான் அந்த ஊரின் சொத்து, தோட்டத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் போகிற வழிகள். அவற்றுக்குத் தார் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஜான்கார்லோ புரோச்சி என்பவர் 1997-இல் கயோலே ஊரில் 'லெரோய்க்கா' என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். 1987-க்கு முந்தைய வடிவமைப்பு சைக்கிள்தான் அதில் ஓட்டலாம், கியர் நெம்புகோல்கூடச் சைக்கிள் சட்டகத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். அந்த வழி இன்று 209 கி.மீ. நிரந்தரப் பாதையாக வழிகாட்டிப் பலகைகளோடு இருக்கிறது. எந்த நாளும் யாரும் போகலாம், எவருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

கயோலேயிலிருந்து புரோலியோ கோட்டைக்கு ஏறும் மண் பாதையில் இரண்டு பக்கமும் சைப்பிரஸ் மரங்கள், அதைத் தாண்டினால் திராட்சை. இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலி கியாந்தி ஒயினுக்கான திராட்சைக் கலவையை வகுத்தது அந்தக் கோட்டைக் குடும்பத்தில் இருந்துகொண்டுதான். காலையில் போனால் எதிரில் டிராக்டர் ஒன்று வரும், அவ்வளவுதான்.

மலைவண்டி:
டிராக்டர் மட்டுமா? அந்தப் பண்ணை வீடுகளில் பாதி இப்போது தங்கும் விடுதி. விருந்தினர் அதே மண் சாலையில்தான் காரில் வருகிறார்கள், கார் போன பிறகு உங்கள் பெயருக்கேற்ற வெண்புழுதியை நாம் விழுங்க வேண்டும். மழை பெய்தாலோ இன்னும் அழகு. சியெனாவுக்குத் தென்கிழக்கே களிமண் பகுதியில் டயருக்கும் சட்டகத்துக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. அக்டோபரில் மழை வராது என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

அப்புறம், 209 கி.மீ. முழுக்க மண் சாலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மண் துண்டுக்கும் அடுத்த மண் துண்டுக்கும் இடையில் தார்ச் சாலைதான் இணைப்பு. கேட்டவருடைய மனைவிக்குப் பயமே அந்த இணைப்பில்தானே வரும்?

என் பரிந்துரை வடக்கே, பொல்சானோ. அங்கிருந்து கால்தாரோவுக்கு ஒரு பழைய ரயில் பாதை இருந்தது, தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதையே சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்கள். ரயிலுக்குப் போட்ட பாதை என்பதால் ஏறக்குறைய 200 மீட்டர் உயரம் ஏறுவதே தெரியாது. மேலே கால்தாரோ ஊர், அதற்குக் கீழே கால்தாரோ ஏரி, சுற்றிலும் திராட்சை, தெற்கே போனால் கெவுர்ஸ்த்ரமினர் திராட்சைக்குப் பெயர் தந்த த்ரமின் ஊர். கீழே அதிஜே ஆற்றங்கரையில் மெரானோ, பொல்சானோ, திரெந்தோ என்று வெரோனா பக்கம் வரை கார் வராத பாதையிலேயே பெரும்பாலும் ஓட்டலாம்.

வெண்புழுதி:
கார் வராது, சரி. கார் சத்தம்? திரெந்தோ போகிற வழியில் ஏ22 நெடுஞ்சாலை உங்கள் கூடவே வரும், பிரென்னர் கணவாய் வழியாக ஜெர்மனிக்குப் போகும் லாரிகள் அத்தனையும் அதில். மெரானோ பக்கம் முக்கால்வாசி ஆப்பிள் தோட்டம், ஒயினை மலைச்சரிவில் தூரத்திலிருந்து பார்க்கலாம். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஒரு காற்று எழும், 'ஓரா' என்பார்கள், வெரோனா பக்கம் போகிறவனுக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். சமவெளியில் எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு போவதற்கா இத்தாலிக்கு டிக்கெட்?

மலையே இல்லாத இடத்தில் கார் இல்லாத பாதை போடுவது யாராலும் முடியும். கேள்வி மலை ஒயின் ஊரைப் பற்றி.

மலைவண்டி:
கால்தாரோ மலையில்தான் இருக்கிறது, ஆற்றங்கரையில் இல்லை. நான் எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

பக்கப்பை:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்தினால் ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டில் பழைய ஊர்கள் மலை முகட்டில் இருக்கின்றன, அதனால் பெரிய சாலையும் முகட்டோடு முகடாகவே போகிறது. சைக்கிள் பாதை போடுகிறவர்களுக்குச் சும்மா கிடைக்கிற நிலம் ஆற்றங்கரையும் கைவிட்ட ரயில் பாதையும், அவை பள்ளத்தாக்கில். ஆக உங்களுக்கு வேண்டிய ஒயின் மேலே, கார் இல்லாத பாதை கீழே. நடு இத்தாலியின் உம்பிரியாவில் பாருங்கள், அஸ்ஸீஸி–ஸ்போலேத்தோ சைக்கிள் பாதை தட்டையாக அருமையாக இருக்கும், ஆனால் சக்ரந்தீனோ ஒயின் ஊரான மொந்தெஃபால்கோ மலை உச்சியில். கடைசி ஏற்றத்துக்குச் சாதாரணச் சாலைக்கு வந்துதான் ஆக வேண்டும். கார் இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமானால் மண் சாலையில் பள்ளத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். முகட்டுச் சாலையில் போனால் ஒரு முறை ஏறினால் போதும், குறுக்கே மண் சாலையில் வெட்டிப் போனால் மூன்று முறை. கேட்டவர் மனைவிக்கு ஏற்றம் பயமில்லை என்று எழுதியிருக்கிறார், அதை நீங்கள் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்குப் பொல்சானோவைவிடக் கியாந்திதான் பொருந்தும்.

அடுத்து, யாரும் பேசாத ஓர் இடம்: தெற்கே புலியா. செலே ஆற்று நீரைக் கொண்டுவரும் பெரிய கால்வாய் அங்கே மண்ணுக்கடியில் ஓடுகிறது, அதன் மேலுள்ள பராமரிப்புப் பாதையில் சிஸ்தெர்னினோவிலிருந்து சேலியே மெஸ்ஸாபிகா பக்கம் வரை சைக்கிள் ஓட்டலாம். தண்ணீர் தானாகவே சரிந்து ஓட வேண்டும் என்பதால் சரிவு கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் கூம்புக் கூரை வீடுகள், ஒலிவ மரங்கள், லொகோரொத்தோந்தோவின் வெள்ளை ஒயின். குன்றுப் பகுதி, கார் கிடையாது, ஏற்றமும் இல்லை.

மலைவண்டி:
புலியா பாதை நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடையில்லாமல் ஓட்டக்கூடிய நீளம் குறைவு, ஒரு வாரத்துக்குத் தாங்காது. மற்றபடி ஏற்றம் பயமில்லை என்பவர்கள் எல்லோரும் கியாந்தி மண் சாலையில் 12, 14 சதவீதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தார்ச் சாலை ஏற்றம் வேறு, சரளையில் பின்சக்கரம் வழுக்குகிற ஏற்றம் வேறு. எழுந்து நின்று மிதித்தால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

பக்கப்பை:
40 மி.மீ. டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்து, பின்னால் பெரிய பல்சக்கரம். முடியவில்லையா, இ-பைக் வாடகைக்கு எடுங்கள், சியெனாவில் கிடைக்கும். அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

வெண்புழுதி:
கௌரவம் இல்லை, எடை. இ-பைக் ஏறும்போது உதவும், ஆனால் அதே சரளையில் இறங்கும்போது பத்து கிலோ கூடுதலாக உங்களைத் தள்ளும். மனைவிக்கு மண் சாலைப் பழக்கம் இல்லையென்றால் இறக்கத்தில்தான் விழுவார், ஏற்றத்தில் இல்லை. அந்தச் சாலைகளில் 2007-இலிருந்து நடக்கும் 'ஸ்த்ராதே பியாங்கே' தொழில்முறைப் போட்டியில் உலகச் சாம்பியன்களே அந்த மண்ணில் விழுந்து எழுந்திருக்கிறார்கள், 2025-இல் அப்போதைய உலகச் சாம்பியன் பொகாச்சார் முழங்கையெல்லாம் கிழிந்து வந்துதான் ஜெயித்தார் (அவர் விழுந்தது தார்ச் சாலையில் என்று யாராவது திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்).

நெபியோலோ:
வடமேற்கே பியமோன்ட் பக்கம் யாரும் போகவில்லையா? பரோலோ, லா மொர்ரா ஒயின் ஊர்களின் சரிவுகள் 2014 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. கியாந்தியைவிட ஒயின் பெரிது என்று எழுதி வம்புக்கு வரவில்லை.

மலைவண்டி:
வம்புக்குத்தான் வந்திருக்கிறீர்கள். அக்டோபரில் பக்கத்து ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (விலை உயர்ந்த ஒரு காளான்) சந்தை, வார இறுதியில் அந்தக் குறுகிய தார்ச் சாலைகளில் கார் வரிசை. கேட்டவருக்கு வேண்டவே வேண்டாம்.

அரைக்கியர்:
எல்லோருக்கும் நன்றி, நிறைய விஷயம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். இடையில் ஒயின் ருசி பார்த்துவிட்டு சைக்கிள் ஓட்டலாமா? அந்த இணைப்புத் தார்ச் சாலைகளில் சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?

பக்கப்பை:
இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு இத்தாலியில் சைக்கிளுக்கும் உண்டு, உரிமம் தேவைப்படாத வண்டி என்று நினைத்து இரண்டு மூன்று தோட்டங்களில் நிற்காதீர்கள். ருசி பார்த்துத் துப்புவதற்குக் குவளை வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இல்லையென்றால் தங்கும் இடத்தில் சாயங்காலம் குடியுங்கள், அதுதான் சுகம். 2024 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்தின்படி சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும், "சாலை இடம் கொடுத்தால்" என்ற வாலோடு. கியாந்தியின் வளைவுகளில் அந்த வால்தான் பெரியது. இருட்டில் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம், அக்டோபரில் சீக்கிரம் இருட்டிவிடும்.

அரைக்கியர்:
மனைவியிடம் இந்த முழு விவாதத்தையும் படித்துக் காட்டினேன். ஆப்பிள் தோட்டம் வேண்டாம், மண் ஏற்றம் சரி, இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை என்கிறாள். சுற்றுலா நிறுவனத்துக்குப் பணம் கட்டவில்லை, நாங்களே போகிறோம்.

மலைவண்டி:
சொன்னால் கேட்கவா போகிறீர்கள். மழை வந்தால் எங்காவது ஒரு நாள் உட்கார்ந்துகொள்ளுங்கள், களிமண்ணில் இறங்காதீர்கள்.

வெண்புழுதி:
அக்டோபர் முதல் ஞாயிறு வழக்கமாக லெரோய்க்கா நாள், கயோலேயில் அறையே கிடைக்காது. ஒரு வாரம் தள்ளிப் போங்கள். கயோலே, ராத்தா பக்கம் ரயிலும் கிடையாது, சியெனாவில் இறங்கி அங்கிருந்து ஓட்டுங்கள். வட்டார ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து அப்படியே ஏற்றலாம், அதிவேக ரயில் என்றால் கழற்றிப் பையில் கட்ட வேண்டும். வழியில் தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், அங்கே குழாய் இருக்கும்.