அவசரச் சரக்குக்குப் பிசினஸ் ஜெட்: வழக்கமாக்கலாமா?

ஹார்னஸ்காரி:
வணக்கம். டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் லாஜிஸ்டிக்ஸ் பார்க்கிறேன். எங்கள் வயரிங் ஹார்னஸ் (காரின் மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) மெக்சிகோவின் சால்டியோவில் தயாராகி, டெக்சாஸ் எல்லையில் லரேடோ பாலம் தாண்டி, லாரியில் மேலே வருகிறது. போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை, மறுநாள் கார் ஆலையின் அசெம்பிளி லைனுக்கு வேண்டிய பெட்டிகள் வேறு ஊருக்குப் போகும் டிரெய்லரில் ஏறிவிட்டது தெரிந்தது. மாற்றுப் பெட்டிகள் 380 கிலோ, நல்லவேளையாக லரேடோ கிடங்கிலேயே இருந்தன. வழக்கமாக எடுக்கும் ஃபால்கன் 20 சரக்கு விமானம் எதுவும் அன்று கையில் இல்லை என்றார் வாடகை விமானம் பிடித்துத் தரும் ப்ரோக்கர். ஆள் ஏற்றும் நடுத்தர பிசினஸ் ஜெட் ஒன்று சான் அன்டோனியோவில் சும்மா நிற்கிறது, எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்தோம். லைன் நிற்கவில்லை.

இப்போது மேலாளர் இதையே வழக்கமாக்கச் சொல்கிறார். ஃபைனான்ஸ் ஆட்கள் பில்லைப் பார்த்துக் கொதிக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ராம்ப்வாசி:
டெட்ராய்ட் பக்கத்து வில்லோ ரன் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன். வழக்கமாக்காதீர்கள் என்பேன். வேகத்தில் எந்தக் குறையும் இல்லை, கதவுதான் பிரச்சினை.

நடுத்தர பிசினஸ் ஜெட்களின் கதவு அகலம் பெரும்பாலும் மூன்றடியைத் தாண்டாது. அந்தக் கதவே கீழே மடிந்து படியாகிவிடும். ஃபோர்க்லிஃப்ட் கிட்டே போகவே வழி இல்லை. இங்கே எல்லோரும் புழங்கும் பேலட், அதாவது சரக்கு அடுக்கும் பலகை, 48 அங்குலத்துக்கு 40 அங்குலம். அது அப்படியே உள்ளே நுழையாது. ஆக, விமானம் நிற்கும் தளத்திலேயே பேலட்டைப் பிரித்து, பெட்டி பெட்டியாகக் கையில் தூக்கி, குனிந்தபடி படியேறி, சோஃபாவுக்கும் நாற்காலிக்கும் நடுவே திரும்பி வைக்க வேண்டும். மழையோ பனியோ இருந்தால் அட்டைப்பெட்டி நனையும். இறக்கும்போது அதே வேலை திரும்பவும். ஃபால்கன் 20 சரக்கு விமானத்தில் ஆறடி அகலக் கதவு. ஃபோர்க்லிஃப்ட் பேலட்டைக் கொண்டுவந்து உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடும்.

நடுவானம்:
ராம்ப்வாசி அண்ணா சொல்வது ஏற்றும் நேரத்தை மட்டும்தான். நான் வாடகை விமானம் ஏற்பாடு செய்யும் சார்ட்டர் டெஸ்க்கில் இருக்கிறேன். நாங்கள் கணக்குப் பார்ப்பது ஃபோன் வந்த நிமிஷத்திலிருந்து பெட்டி ஆலை வாசலில் இறங்கும் நிமிஷம் வரை. அன்று சரக்கு விமானம் ஒன்று ஓஹாயோவிலிருந்து காலியாகப் பறந்து லரேடோ வரவேண்டியிருந்தால், அதற்கே மூன்று மணி நேரம் போயிருக்கும். சான் அன்டோனியோவிலிருந்து லரேடோ அரை மணி நேரம். கையில் தூக்கி ஏற்ற ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் ஜெட்தான் முந்துகிறது.

லரேடோவிலிருந்து வில்லோ ரன் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். இந்த ஜெட்களுக்கு மூன்று மணி நேரப் பறத்தல். மெட்ரோலைனர் மாதிரி முன்னால் விசிறி சுழலும் டர்போப்ராப் விமானம் எடுத்தால் நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. லாரியில் இரண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டினால்கூட ஒரு நாளுக்குச் சற்று மேலே ஆகும். ஒரே டிரைவர் என்றால் 11 மணி நேரம் ஓட்டியதும் சட்டப்படி படுத்தே ஆகவேண்டும்.

அப்புறம், பிசினஸ் ஜெட்டில் சரக்கு என்பது ஏதோ புதுக்கூத்து மாதிரி பேசுகிறோம். ஃபெடெக்ஸ் தொடங்கியதே அப்படித்தான். 1973 ஏப்ரல் 17 இரவு மெம்ஃபிஸிலிருந்து 14 ஃபால்கன் 20 விமானங்கள், 186 பொட்டலங்கள், 25 ஊர்கள். அந்த ஃபால்கன் 20 அடிப்படையில் பிசினஸ் ஜெட்தான்.

கணக்குப்பிள்ளை:
நண்பரே, ஃபெடெக்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அவர்கள் சின்ன ஜெட் வாங்கியதற்குக் காரணம் அன்றைய அமெரிக்க விதி. ஏர் டாக்சி என்ற சின்ன வாடகை விமான வகையில் அனுமதி எளிதாக வேண்டுமென்றால் விமானத்தின் சுமை 7,500 பவுண்டுக்குள், அதாவது 3,400 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் அடங்கியது ஃபால்கன். அதையும் வாங்கியபடியே ஓட்டவில்லை, பக்கவாட்டை வெட்டிப் பெரிய கதவு வைத்தார்கள், தரையைப் பலப்படுத்தினார்கள். 1977 நவம்பரில் விதி தளர்ந்ததும் என்ன செய்தார்கள்? போயிங் 727 வாங்கினார்கள். சின்ன ஜெட்டை முழுசாகத் தெரிந்த ஒரு நிறுவனமே, வேறு வழி கிடைத்ததும் அதைவிட்டு வெளியே வந்தது.

இப்போது உங்கள் பில். காலியாக லரேடோ வரும் பறத்தல், சரக்கோடு வரும் பறத்தல், திரும்பக் காலியாகப் போகும் பறத்தல், மூன்றும் நம் தலையில்தான். ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். மணிக்கு 4,000 டாலர் என்று குறைத்துப் போட்டாலும், தரையிறங்கும் கட்டணம் அது இது என்று 25,000 டாலரைத் தொடும். 380 கிலோவுக்கு வகுத்தால் கிலோ ஏறக்குறைய 66 டாலர். அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் ஒயரின் விலை அதில் எத்தனை பங்கு?

ஹார்னஸ்காரி:
ஒயரின் விலையை வைத்துப் பார்த்தால் எந்த அவசரச் சரக்கும் தேறாது, சார். மணிக்கு 60 கார் இறங்கும் லைன் அது. சீட் வரவில்லை என்றால் காரை முடித்து வெளியே நிறுத்திவிட்டு அப்புறம் பொருத்தலாம். ஹார்னஸில் அது முடியாது. தரைவிரிப்பு, டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் முன்னால் அது உள்ளே போயாக வேண்டும். 2022 மார்ச்சில் உக்ரைனின் ஹார்னஸ் ஆலைகள் நின்றபோது ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, போர்ஷே ஆலைகள் நின்றன. மற்ற எல்லா பாகமும் கையில் இருந்தும் நின்றன.

கணக்குப்பிள்ளை:
அதை மறுக்கவில்லை சகோதரி. ஆனால் 'லைன் நின்றால் இத்தனை கோடி நஷ்டம்' என்று எல்லா மீட்டிங்கிலும் ஒரு ஸ்லைடு வருமே, அதைத்தான் நம்பமாட்டேன் என்கிறேன். 60 காரின் முழு விற்பனை விலையையும் நஷ்டம் என்று எழுதுவார்கள். நின்ற இரண்டு மணி நேரத்தைச் சனிக்கிழமை ஓவர்டைமில் பிடித்துவிட்டால் அந்தக் கார்கள் விற்கத்தான் போகின்றன. உண்மையான நஷ்டம் சும்மா நின்ற ஆட்களின் கூலியும் ஓவர்டைம் கூலியும் ஆலைக்காரர் போடும் அபராதமும். சில நாளில் அது ஜெட் வாடகையைவிடப் பல மடங்கு வரும். சில நாளில் வராது. கணக்குப் போடாமலே ஃபோனை எடுப்பதுதான் என் ஆட்சேபம்.

நடுவானம்:
இரவு 9 மணிக்கு யார் சார் அந்தக் கணக்கைப் போடுவது? அரை மணி நேரம் யோசித்தால் அந்த ஜெட்டும் வேறு ஆளிடம் போய்விடும். பைலட்களின் 14 மணி நேர டியூட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அதனால்தான் பகலிலேயே போட்டு வைக்கச் சொல்கிறேன். எந்த பாகம் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் எந்த லைன் நிற்கும், அதற்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று ஒரு தாள் போதும்.

இன்னொன்று. வங்கிக் காசோலைகள் ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்க இரவில் லியர்ஜெட் என்ற சின்ன பிசினஸ் ஜெட்டில் பறந்தன. ஒரு நாள் முன்னால் காசோலை சேர்ந்தால் ஒரு நாள் வட்டி மிச்சம், அதனால் விமானச் செலவு தேறியது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானங்கள் நின்றதும் காசோலைகள் அங்கங்கே தேங்கின. 2003இல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2004 அக்டோபரிலிருந்து காசோலையின் படத்தை அனுப்பி அங்கே அச்சிட்ட நகலே செல்லும் என்று ஆனது. அந்த விமானச் சரக்கு கரைந்தே போனது. இன்னும் வேகமான ஜெட் வாங்கி யாரும் அதைத் தீர்க்கவில்லை, தாள் பறக்க வேண்டிய அவசியத்தையே எடுத்தார்கள். உங்கள் இடத்தில் தவறான டிரெய்லரில் பெட்டி ஏறுவதைத் தடுக்க என்ன செய்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

நடுவானம்:
காசோலையைப் படம் பிடித்து அனுப்பலாம். ஹார்னஸை எப்படி அனுப்புவது? நீங்கள் எவ்வளவு திருத்தினாலும் பனிப்புயல் வரும், பாலம் அடைபடும். 2022 பிப்ரவரியில் லாரிக்காரர்கள் டெட்ராய்ட்டையும் கனடாவையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தை ஒரு வாரம் மறித்தபோது, இரண்டு பக்கமும் ஆலைகள் ஷிப்டுகளைக் குறைத்தன. அது எந்த சப்ளையரின் கவனக்குறைவு?

பேட்டைவாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பயணிகள் விமானத்தில் ஆளிடம் பெட்டியாகக் கொடுத்தனுப்பும் ஆன்போர்டு கூரியர் இருக்கிறதே, அது மலிவு இல்லையா?

நடுவானம்:
30, 40 கிலோ சென்சார் என்றால் அதுதான் சரி. 380 கிலோ ஹார்னஸுக்கு ஒரு கூட்டத்தையே அனுப்ப வேண்டும். அதுவும் அன்று அந்த நேரத்தில் லரேடோவிலிருந்து கிளம்பும் பயணிகள் விமானம் இருந்தால்தான்.

ராம்ப்வாசி:
காசைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பெட்டிகளை எப்படிக் கட்டினார்கள் என்று தெரிய வேண்டும். அமெரிக்கச் சார்ட்டர் விதி 135.87இல் தெளிவாக இருக்கிறது. கேபினில் வைக்கும் சரக்கு அங்கீகரித்த ரேக்கிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும், அல்லது நகரவே முடியாதபடி பெல்ட்டாலோ வேறு பலமான கட்டுப்பட்டையாலோ கட்டியிருக்க வேண்டும். சீட்டும் தரையும் தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏறக்கூடாது. பயணிகள் ஏறினால் அவசர வழியை மறைக்கக்கூடாது. பைலட் இருக்கும் இடத்துக்கும் கேபினுக்கும் நடுவே வழி அடைபடக்கூடாது. சரக்கு மட்டும் என்றாலும், உள்ளே இருப்பவர்கள் தடையில்லாமல் வெளியேற ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டும்.

ஹார்னஸ் பெட்டி எடை குறைவு, இடம் அதிகம். கேபினில் நாற்காலிகள் இருக்க, பெட்டிகளை மேலே மேலே அடுக்கினால் முதலில் மறைவது இறக்கைக்கு மேலே இருக்கும் அவசர வழிதான். நாற்காலிகளைக் கழற்றலாம், ஆனால் அதை மெக்கானிக் கழற்றிக் கையெழுத்துப் போட வேண்டும், எடைச் சமநிலைக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். நடுராத்திரியில் அதற்கே மணிக்கணக்கில் ஆகும். நீங்கள் மிச்சம்பிடித்த நேரம் அங்கே போய்விடும். அதனால் பலர் நாற்காலியைக் கழற்றாமலே சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு 747 சரக்கு விமானம் மேலே கிளம்பியதும் உள்ளே கட்டியிருந்த ராணுவ வண்டி அவிழ்ந்து பின்னால் போய் இடித்தது. ஏழு பேரும் இறந்தார்கள், பெரும்பாலோர் எங்கள் மிச்சிகன்காரர்கள். பெரிய விமானம், பெரிய சரக்கு, இதோடு ஒப்பிட முடியாது என்பீர்கள். சின்ன ஜெட்டில் பைலட்டின் முதுகுக்கும் சரக்குக்கும் நடுவே இருப்பது ஒரு திரையோ மெல்லிய தடுப்போதான். அவசரமாகப் பிரேக் பிடித்தால் 380 கிலோவும் அங்கேதான் வரும்.

நடுவானம்:
இதில் முழுக்க உங்கள் பக்கம், அண்ணா. சரியாகக் கட்டாத ஆப்பரேட்டரோடு, அதாவது விமானத்தை ஓட்டும் நிறுவனத்தோடு, நானும் வேலை செய்யமாட்டேன். ஆனால் அது ஆப்பரேட்டரைத் தேர்ந்தெடுக்கும் விஷயம், ஜெட் வேண்டாம் என்பதற்கான காரணம் ஆகாது. கேபின் சரக்கு வலையும் தரைப் பட்டையும் வைத்திருக்கும் ஆப்பரேட்டர்கள் இருக்கிறார்கள். பிலாட்டஸ் பிசி-24இல் ஒன்றேகால் மீட்டர் அகலச் சரக்குக் கதவு எல்லா விமானத்திலும் உண்டு, பேலட்டே உள்ளே போகும்.

ப்ரோக்கரிடம் கேட்க வேண்டியதும் சில இருக்கிறது. ஆப்பரேட்டரின் அனுமதிப் பத்திரம் சரக்கு ஏற்ற இடம் கொடுக்கிறதா? எதை வைத்துக் கட்டுவார்கள்? பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி உண்டா? தனியாகப் பொதிந்த லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து தடை. உங்கள் மேலாளர் 'நானும் அப்படியே ஏறி டெட்ராய்ட் வந்துவிடுகிறேன்' என்று ஏறினால், சரக்கு விமானமாகப் போக வேண்டியது அந்த நிமிஷமே பயணிகள் விமானம் ஆகிவிடும். சரக்குக்குத் துணையாக வரும் ஆள் வேறு, ஓசியில் ஏறும் ஆள் வேறு.

ஹார்னஸ்காரி:
எங்களுக்கு வந்த ஜெட்டில் நாற்காலிகள் கழற்றவில்லை. பெட்டிகள் சீட் பெல்ட்டில்தான் கட்டியிருந்தன, இறக்கும்போது எடுத்த படம் இருக்கிறது. அவசர வழியைப் பாதி மறைத்து இரண்டு பெட்டிகள் நிற்பது இப்போது கண்ணில் படுகிறது. இந்தப் படத்தைத்தான் நாளை மீட்டிங்கில் முதலில் காட்டப்போகிறேன். அந்த ஆப்பரேட்டர் பட்டியலில் இருக்கமாட்டார்.

ராம்ப்வாசி:
நல்லது. கூடவே பெட்டியின் அளவையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரு ஆள் தூக்கும் எடை, இரண்டரை அடிக்குக் குறைந்த அகலம். எந்த விமானம் வந்தாலும் அது போகும்.

கணக்குப்பிள்ளை:
மீட்டிங்கில் இன்னொன்றையும் கேளுங்கள். டிரெய்லரை மாற்றி ஏற்றியது உங்கள் ஆலையா, கிடங்கு நடத்தும் ஒப்பந்தக்காரரா? இந்த 25,000 டாலர் எந்தச் செலவுக் கணக்கில் விழுகிறது? பொதுப் போக்குவரத்துச் செலவில் விழுந்தால், அடுத்த முறையும் அதே டிரெய்லரில் அதே பெட்டி ஏறும்.

ஹார்னஸ்காரி:
பொதுப் போக்குவரத்துச் செலவில்தான் விழுந்திருக்கிறது. கிடங்கு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கிறேன்.